கராஜில் ஒரு ஹாட் ராட்: பழைய ஃபோர்டு ரோட்ஸ்டரை வி-8 வண்டியாக்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய கராஜ் ஒன்றின் கதவைத் தூக்கினால், பாதியில் நின்றுபோன ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய கார்) ஒன்று தூசி படிந்து கிடப்பது அதிசயமில்லை. சேசிஸ் ஒரு மூலையில், எஞ்சின் இன்னொரு மூலையில், போல்ட்டுகள் காபி டப்பாக்களில். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது கழற்றியவருக்கே மறந்துபோயிருக்கும். இப்படி நின்ற வண்டிகளின் கதையைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆரம்பம் ஒன்றுதான்: உற்சாகம் மிகுந்த ஒரு வாரத்தில் மொத்த வண்டியையும் பிரித்துப் போட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி ஒரு பிடிவாதத்தோடு தொடங்குகிறது. வண்டி முடிந்தவரை தன் நான்கு சக்கரங்களில் நிற்கட்டும். வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும்.

எந்த வண்டி?

ஹாட் ராட் என்ற பழக்கம் தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வளர்ந்தது. மியூரோக், எல் மிராஜ் போன்ற அந்தத் தட்டையான மண்வெளிகளுக்கு இளைஞர்கள் மலிவான பழைய ஃபோர்டுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். மட்கார்டு, முன்கண்ணாடி, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து வேகம் பார்ப்பார்கள். இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்த 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. 1949-இல் அதே அமைப்பு யூட்டாவின் பான்வில் உப்புப் படுகைக்கும் போனது. ஹாட் ராட்டின் முகம் இன்றும் அந்த மைதானங்கள் கொடுத்த முகம்தான். மட்கார்டு இல்லாத முன்புறம், தாழ்ந்த மூக்கு, பின்னால் பெரிய டயர், முன்னால் சிறிய டயர்.

எல்லோரும் ஆசைப்படுவது 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத திறந்த கார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் கொண்ட ஃபோர்டின் முதல் வி-8 (வி வடிவில் எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்) வந்த ஆண்டு அது. ஆனால் அசல் 1932 வண்டியின் விலை சாமானியரின் கைக்கு எட்டாது. அதற்கு முந்தைய மாடல் ஏ 1928 முதல் 1931 வரையிலான மாடல் ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. உடலும் உதிரிபாகமும் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின் 40 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. அதை இறக்கிவிட்டு ஃபோர்டின் தட்டைத்தலை வி-8 எஞ்சினை ஏற்றினால், ஹாட் ராட்காரர்கள் ‘ஏ-வி8’ என்று அழைக்கும் வண்டி கிடைக்கும். முதல்முறை கட்டுபவருக்கு என் பரிந்துரை 1930 அல்லது 1931 ரோட்ஸ்டர். கூரை வெட்டும் வேலை இல்லை, பெரிய கண்ணாடி வேலையும் இல்லை. ஒஹையோவின் புரூக்வில் போன்ற நிறுவனங்கள் புதிய இரும்புத் தகட்டிலேயே முழு உடலையும் அச்சடித்துத் தருகின்றன. துருவோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

ஸ்பேனரைத் தொடும் முன் காகிதத்தைப் பாருங்கள். மாடல் ஏ வண்டியில் எஞ்சின் எண்ணே வண்டி எண். அதே எண் சேசிஸின் இடது நீள்சட்டத்தின் மேற்பரப்பிலும், உடலுக்கு அடியில் மறைந்திருக்கும்படி பொறிக்கப்பட்டிருக்கும். உரிமைச் சான்றிதழில் உள்ள எண்ணோடு சட்டத்தில் உள்ள எண் பொருந்தவில்லை என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுங்கள். உடலைத் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில். மட்கார்டு கட்டாயமா, முன்கண்ணாடி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், விளக்குகள் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சொந்த மாநிலத்தின் விதியை அச்செடுத்துக் கராஜ் சுவரில் ஒட்டிவைப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் 2019-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை விருப்பம்போல் மாற்றிச் சாலையில் ஓட்ட இடம் தருவதில்லை. பழைய அம்பாசடரில் இந்த வேலையைத் தொடங்கும் முன் அதை மனத்தில் வையுங்கள்.

கராஜ்

இரண்டு கார் நிற்கும் கராஜ் போதும். ஆனால் இரண்டாவது கார் சில ஆண்டுகளுக்கு வெளியே மழையில் நிற்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமெரிக்கக் கராஜ்களில் எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் இருப்பது சகஜம். அதன் அடியில் சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து அந்தச் சுடரைத் தேடிப் போகும். டேங்க் கழற்றும் வேலை, கார்புரேட்டர் கழுவும் வேலை எல்லாம் வெளியே திறந்தவெளியில்தான்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இரும்பை வெல்டிங் செய்தால், அந்த வெப்பத்தில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. வெல்டிங் செய்யும் இடத்தில் அந்த டப்பாவே இருக்கக் கூடாது. துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகே வெல்டிங்.

கருவிகளில் கஞ்சத்தனம் செய்யக் கூடாதவை மூன்று: நல்ல மிக் வெல்டிங் இயந்திரம், எஞ்சின் தூக்கும் கிரேன், கனமான நான்கு ஜாக் ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். மற்றவற்றைத் தேவை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சேசிஸ்: அவசரம் கூடாத இடம்

வண்டி வந்ததும் கைகள் துறுதுறுக்கும். முதல் நாள் கழற்றாதீர்கள், அளந்து கொள்ளுங்கள். கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று எழுதிப் படமும் எடுத்து வையுங்கள். ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால் உடலைப் பிடித்து நிறுத்துவது தரைப் பகுதி மட்டுமே. சேசிஸிலிருந்து தூக்கும் முன் கதவுக்கால்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்கும் இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் தூக்கிய உடல் வெற்றிலைபோல் மடங்கும், பிறகு எந்தக் கதவும் மூடாது.

மாடல் ஏ சேசிஸ் 40 குதிரைத்திறனுக்குச் செய்தது. வி-8 வந்தால் முறுக்கிக்கொள்ளும். அதன் நீள்சட்டங்கள் ஒரு பக்கம் திறந்த பகரவடிவம். திறந்த பக்கத்தை 1/8 அங்குலத் தகட்டால் மூடிப் பெட்டிபோல் ஆக்க வேண்டும், நடுவில் ஒரு குறுக்குச்சட்டமும் வேண்டும். இங்கேதான் கராஜ் தரை ஏமாற்றும். தண்ணீர் வெளியேறுவதற்காகப் பெரும்பாலான கராஜ் தரைகள் கதவுப் பக்கம் சாய்வாகவே போடப்பட்டிருக்கும். தரையை நம்பாமல், ஸ்டாண்டுகளுக்கு அடியில் தகடு வைத்து, ரசமட்டம் கொண்டு சேசிஸை மட்டப்படுத்துங்கள். நான்கு முனைகளிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் கோணாமல் இருக்கிறது என்று பொருள். வெல்டிங்கை ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே இழுப்பில் முழு நீளமும் இழுத்தால் வெப்பத்தில் சட்டம் வாழைப்பழம்போல் வளைந்துவிடும்.

அடுத்தது முன் அச்சு. மூன்று அல்லது நான்கு அங்குலம் தாழ்த்தி வளைத்த ஐ-வடிவ அச்சு, குறுக்குவாட்டு லீஃப் ஸ்பிரிங் பட்டை, அச்சைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்த இரண்டு கைகளாக விரியும் விஷ்போன். ஃபோர்டு கொடுத்த விஷ்போன் பின்னால் ஒரே பந்து மூட்டில் முடியும். வி-8 எஞ்சினும் கியர் பாக்ஸும் வந்ததும் அதற்கு இடமிருக்காது. அதனால் அதை நடுவில் பிரித்து, ஒவ்வொரு முனையையும் அந்தந்தப் பக்க நீள்சட்டத்தோடு இணைப்பார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரித்த விஷ்போனில் ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் அச்சு முறுக்கப்படும். ஐ-வடிவ அச்சு அந்த முறுக்கத்தைத் தாங்கிக்கொடுக்கும், குழாய் அச்சு தாங்காது. குழாய் அச்சின் பளபளப்பில் மயங்கி அதோடு பிரித்த விஷ்போனை மாட்டினால், எங்கோ ஒரு வெல்டிங் ஒருநாள் விடும். குழாய் அச்சுதான் வேண்டும் என்றால் நான்கு தண்டு அமைப்புக்குப் போங்கள்.

முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம் 5 முதல் 7 டிகிரிக்குள் இருந்தால், வண்டி நேராக ஓடும், ஸ்டீயரிங் தானாக மையத்துக்குத் திரும்பும். விஷ்போன் முனைகளை முழுதாக வெல்டிங் செய்யும் முன் இதை அமையுங்கள். மாட்டப்போகும் அதே டயர்கள், எஞ்சின், ரேடியேட்டர், உடல் எல்லாம் ஏற்றி, பட்டை முழு எடையில் அமர்ந்த பிறகு அளப்பது அவசியம். நான் ஒருமுறை வெறும் சேசிஸில் அளந்து வெல்டிங் முடித்தேன். எஞ்சின் ஏறியதும் மூக்கு தாழ்ந்து கோணம் மாறிப்போனது. இரண்டு வார வேலையைக் கிரைண்டர் தின்றது.

ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை மாடல் ஏ பெட்டி பலவீனமானது, ஒதுக்கிவிடுங்கள். பழைய தோற்றம் வேண்டுமானால் 1948-52 ஃபோர்டு எஃப்-1 டிரக்கின் பெட்டி. குறுக்காகத் தள்ளும் அமைப்பு வேண்டுமானால் 1970களின் ஷெவர்லே வேகாவின் பெட்டி. இரண்டாவதைத் தேர்ந்தால், அச்சும் சேசிஸும் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் தண்டு ஒன்றும் சேர்த்தே தீர வேண்டும். குறுக்குப் பட்டை ஷாக்கிள் எனும் ஆடும் இணைப்புகளில் தொங்குவதால் உடல் பக்கவாட்டில் ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் ஸ்டீயரிங்கை இழுக்கும். ஸ்டீயரிங் மூட்டுகளில் வெட்டுநட்டும் கோட்டர் பின்னும் இல்லாமல் ஒரு மூட்டுகூட இருக்கக் கூடாது. போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கோடே இல்லாததை இந்தப் பகுதிக்குள் விடாதீர்கள்.

பிரேக்: மாடல் ஏ வண்டியில் இருப்பது தண்டு இழுக்கும் பழைய ஏற்பாடு. ஃபோர்டு 1939-இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டு பிரேக்குகள் மாடல் ஏ அச்சுகளுக்குச் சிறிய மாற்றத்தோடு பொருந்தும். மாஸ்டர் சிலிண்டரைப் பழைய ஒற்றை அறையாக வைக்காமல் இரட்டை அறையாக வையுங்கள். ஒரு குழாய் வெடித்தாலும் மற்ற அச்சில் பிரேக் பிடிக்கும். ஹாட் ராட்டில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தரைக்கு அடியில்தான் உட்காரும். அப்போது எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்க டிரம் பிரேக் குழாயில் 10 பிஎஸ்ஐ, டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ எச்ச அழுத்த வால்வு தேவை. உங்கள் சிலிண்டருக்குள்ளேயே அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குழாய் முனைகள் இரட்டை மடிப்பாக விரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வண்டி உருள வேண்டும். கராஜுக்கு வெளியே தள்ளி, திருப்பி, உள்ளே கொண்டுவர முடிந்தால்தான் எஞ்சின் வேலைக்குப் போகலாம்.

தட்டைத்தலை எஞ்சின்

1932 முதல் 1953 வரை அமெரிக்க ஃபோர்டுகளில் வந்த இந்த எஞ்சினில் வால்வுகள் தலையில் இல்லை, சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பான பிளாக்கிலேயே இருக்கின்றன. தலை வெறும் மூடிதான். பார்க்க எளிமை, பழக முரட்டுப்பிடிவாதம். வெளியேறும் சூடான புகை பிளாக்கின் உள்ளேயே, தண்ணீர் அறைகளின் ஊடாகச் சுற்றித்தான் வெளியே வரும். ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களுக்குப் புகைவாய் மூன்றே. நடுவில் உள்ள இரண்டும் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் இந்த எஞ்சின் சூடாகும், விரிசல் விடும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குபவர் பிழைப்பார்.

இரண்டு வகை பிளாக்குகளைத் தேடுங்கள். 1946-48 காலத்து 59ஏபி: 239 கன அங்குலம், கிளட்ச் கூட்டின் மேல்பாதி பிளாக்கோடு ஒன்றாக வார்த்தது. 1949-53 காலத்து 8பிஏ: கிளட்ச் கூடு தனியே கழலும், டிஸ்ட்ரிபியூட்டர் நிமிர்ந்து நிற்கும். பழைய தோற்றத்துக்கு 59ஏபி, பராமரிக்க 8பிஏ. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முகத்தில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் அதைத் திறப்பது எளிதல்ல என்பதால் என் ஓட்டு 8பிஏவுக்கு.

இனி வரும் வரிசையை மாற்றாதீர்கள். பிளாக்கை முழுக்க உரித்து மெஷின் ஷாப்புக்கு எடுத்துச் சென்று கழுவிய பின், காந்தப் பொடியால் விரிசல் சோதனை, அதன் பின் தண்ணீர் அறைகளுக்கு அழுத்தச் சோதனை. வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள மெல்லிய பகுதிதான் முதல் சந்தேகம். இந்தச் சோதனைகளில் தேறும்வரை ஒரு பிஸ்டன்கூட வாங்க வேண்டாம். அலுமினியத் தலை, இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு, பளபளக்கும் மூடி எல்லாம் வாங்கி அடுக்கிவிட்டுப் பிறகு பிளாக் விரிசல் என்று தெரிந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

தேறிய பிளாக்கின் தண்ணீர் அறைகளுக்குள் கம்பி விட்டுக் கிளறுங்கள். வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணல், துருவோடு சேர்ந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கைப்பிடி கைப்பிடியாக வரும். தட்டைத்தலை சூடாகிறது என்ற புலம்பல்களில் பாதி இந்த மணலிடம் போய்ச் சேர வேண்டியது. தலை ஸ்டட்டுகளின் துளைகள் தண்ணீர் அறைக்குள் திறப்பவை, மரையில் சீலண்ட் தடவாமல் முறுக்கினால் தண்ணீர் மெல்ல மேலே ஏறிவரும்.

கூடுதல் பலம் வேண்டுமானால் 1949-53 மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட கிராங்க்கைத் தேடுங்கள். வழக்கமான ஃபோர்டு கிராங்க் 3¾ அங்குலம். அதே சிலிண்டர் துளைக்கு எஞ்சின் கொள்ளளவு 239-இலிருந்து 255 கன அங்குலமாக உயரும். துளையை 3 5/16 அங்குலத்துக்குப் பெருக்கினால் 276. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சிலிண்டர் சுவர் மெலிந்து சூடு கூடும். சாலையில் ஓட்ட 255 தாராளம். வால்வைத் தள்ளும் அசல் டேப்பெட்டுகளில் திருகி இடைவெளி சரிசெய்ய வழியில்லை. வால்வுத் தண்டின் அடியைத் தேய்த்துத்தான் சரிசெய்வார்கள். திருகும் வகை டேப்பெட்டுகளை வாங்கிக்கொண்டால் கண்ணீர் மிச்சம்.

கார்புரேட்டர் என்றால் ஸ்ட்ராம்பெர்க் 97, இரண்டு. இன்னும் புதிதாகவே தயாராகின்றன. இவை 2.5, மிஞ்சினால் 3 பிஎஸ்ஐ எரிபொருள் அழுத்தத்தைத்தான் தாங்கும். மின்பம்ப் வைத்தால் ரெகுலேட்டர் கட்டாயம். இல்லாவிட்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் வழியும்.

பின்புறமும் இணைப்பும்

1948 வரையிலான ஃபோர்டுகளில் சுழல்தண்டு ஒரு குழாய்க்குள் அடைந்திருக்கும். அதை விட்டுவிட்டுத் திறந்த தண்டுக்கு மாறினால் கியர் பாக்ஸ் தேர்வு விரியும். ஷெவர்லே எஸ்-10 டிரக்கில் வந்த டி-5 ஐந்து வேக கியர் பாக்ஸ் இதற்கு ஏற்றது. கியர் குச்சி முன்னால் இருப்பதால் சின்ன ரோட்ஸ்டரில் கைக்கு எட்டும் இடத்தில் வரும், தட்டைத்தலையோடு இணைக்க அடாப்டரும் விற்கிறது. பின் அச்சுக்கு ஃபோர்டின் ‘8 அங்குல’ வகை போதும். ‘9 அங்குல’ வகை இந்த எஞ்சினுக்கு மிகை. கியர் பாக்ஸ் வெளித்தண்டும் பின் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி எஞ்சின் தாங்கிகளைப் பொருத்துங்கள். கோணம் தவறினால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும்.

உடல், மின்கம்பி, குளிர்ச்சி

டிங்கரிங் வேலையைச் சேசிஸ் மீது உடலை போல்ட் போட்டு இறுக்கிய பிறகே தொடங்குங்கள். கதவு இடைவெளியை முதலில் சரிசெய்து, அதன் பிறகே துருப்பிடித்த அடிப்பகுதியை வெட்டிப் புதுத் தகடு வையுங்கள். மெல்லிய தகட்டில் வெல்டிங்கைப் புள்ளி புள்ளியாக, தூரம் விட்டு வையுங்கள். ஒரு புள்ளியைத் தொட்டால் சுடாத நிலை வந்த பின்பே பக்கத்துப் புள்ளி. பட்டி இரண்டு மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் சுத்தியலைத் திரும்ப எடுங்கள்.

பழைய ஃபோர்டு மின்சாரம் 6 வோல்ட், நேர்முனை தரையில். 12 வோல்ட், எதிர்முனை தரை என்று மாற்றிவிட்டால் விளக்கு, பம்ப், மின்னூட்டி எல்லாம் கடையில் கிடைக்கும். பியூஸ் பெட்டியோடு வரும் தயார் ஹார்னஸ் வாங்குங்கள். ரேடியேட்டர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஃபேனைச் சுற்றி உறை இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது வெப்பம் காட்டும் முள் ஏறும். இடுப்புப் பட்டியின் தாங்கிகள் சேசிஸோடு இணைய வேண்டும், தரைத் தகட்டோடு அல்ல.

முதல் உறுமல்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு பிளக் மாட்டி, தீயணைப்பானோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். புதிய கேம்ஷாஃப்ட் என்றால் முதல் 20 நிமிடம், நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றில் ஓடட்டும். துத்தநாகச் சேர்க்கை உள்ள எண்ணெய் அவசியம். ஆறியதும் தலை நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக மறுபடி முறுக்குங்கள்.

இப்போது வண்ணமே இல்லாமல், வெறும் பிரைமரோடு, பதிவெண் பெற்றுச் சாலையில் 500 மைல் ஓட்டுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே கசிகிறது, எந்த போல்ட் தளர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வெல்டிங் தேவைப்படும் தவறுகள் எல்லாம் இந்த மைல்களில்தான் வெளியே வரும், அப்போது எரிந்துபோக மேலே வண்ணம் இருக்காது. அந்த நோட்டில் கடைசி வரியும் அடிக்கப்பட்ட பிறகு, இரண்டாம் முறை, இந்த முறை பெயரெழுதிய பைகளோடு, எல்லாவற்றையும் பிரித்து வண்ணத்துக்கு அனுப்புங்கள். இரண்டு பகுதி கலந்து அடிக்கும் நவீன வண்ணங்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்குச் சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து காற்று தரும் மூடி வேண்டும். வாடகைக்கு ஒரு பெயின்ட் அறை எடுப்பதே மலிவு.

கழற்றிய மட்கார்டுகளை மட்டும் விற்றுவிடாதீர்கள். கராஜ் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். மட்கார்டு கட்டாயம் என்ற மாநிலத்துக்கு நீங்கள் குடிபெயர்ந்தால், நான்கு போல்ட்டுகளில் அவை திரும்ப ஏற வேண்டியிருக்கும்.